மகளுக்கு யூரினில் ஆல்புமின் ஒரு பிளஸ், அப்புறம் ரெண்டு பிளஸ்: கிட்னி பிரச்சினையா?

நித்யா_திருச்சி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் காய்ச்சல் வந்தபோது டெங்குவாக இருக்குமோ என்று ரத்தமும் யூரினும் எடுத்தார்கள். டெங்கு இல்லை, காய்ச்சலும் விட்டுவிட்டது. யூரின் ரிப்போர்ட்டில் மட்டும் ‘ஆல்புமின் +’ என்று இருந்தது (ஆல்புமின் என்பது ஒரு வகைப் புரோட்டீனாம்). காய்ச்சலில் இப்படி வருவது உண்டு, ரெண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

அதன்படி ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தவளை யூனிஃபார்மோடு அப்படியே லேபுக்கு அழைத்துப் போனேன். அன்று அவளுக்கு கோகோ பயிற்சி இருந்தது. இந்த முறை ‘++’. டாக்டருக்கு போன் செய்ததும் புரோட்டீன் கிரியேட்டினின் ரேஷியோ போடச் சொன்னார். லேபில் அதே சாம்பிளில் போட்டுத் தந்தார்கள்: புரோட்டீன் 84, கிரியேட்டினின் 140, ரேஷியோ 0.6. பக்கத்திலேயே ‘நார்மல் 0.2-க்குக் கீழ்’ என்று அச்சடித்திருக்கிறது. அதாவது மூன்று மடங்கு.

டாக்டர் வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். குழந்தைக்கு முகத்திலோ காலிலோ வீக்கம் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், யூரின் நிறமும் வழக்கம் போலத்தான். ஆனால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தாலே எல்லோருக்கும் கை நடுங்குகிறது. என் கணவரின் அண்ணன் சர்க்கரையால் கிட்னி போய் இப்போது டயாலிசிஸில் இருக்கிறார். மாமியார் வாழைத்தண்டு சாறு கொடு, முட்டையை நிறுத்து என்கிறார். யூரின் நுரைக்கிறதா என்று நான் ஒவ்வொரு தடவையும் பாத்ரூமில் எட்டிப் பார்க்கிறேன். அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டது.

இது கிட்னி கெட்டுப்போவதன் ஆரம்பமா? 24 மணி நேர யூரின் டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


செல்வி_லேப்:

நித்யா, நான் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் லேபில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை பார்க்கிறவள். டாக்டர் இல்லை. அதனால் உங்கள் மகளுக்கு என்ன என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்த எண் எப்படி வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பது என் தினசரி வேலை, அதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ரெண்டு இடங்களைத் திரும்பப் படித்தேன். ஸ்கூல் விட்டு வந்த நேரம், அன்றைக்கு கோகோ. ஓடி விளையாடிய பிறகு யூரினில் புரோட்டீன் கூடும். காய்ச்சலில் கூடும். வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காத நாளிலும் கூடும். உடம்பு அடங்கியதும் தானே போய்விடும். இது போக, உங்கள் மகள் வயதில் இன்னொன்று மிகவும் சகஜம். வளரும் பிள்ளைகள் சிலருக்கு நின்று நடமாடும் நேரத்தில் மட்டும் புரோட்டீன் யூரினில் இறங்கும், படுத்திருக்கும்போது இறங்காது. ஆர்த்தோஸ்டேட்டிக் புரோட்டீனூரியா என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். இதனால் கிட்னி கெடுவதில்லை. காலை சாம்பிளும் பகல் சாம்பிளும் தனித்தனியாகப் பார்த்தால்தான் இது பிடிபடும். சாயங்காலம் எடுத்த சாம்பிளை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

எனவே திங்கட்கிழமைக்குள் காலை முதல் யூரினை எடுத்து ரேஷியோ போட்டுக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் போனில் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். எடுக்கும் விதம்தான் முக்கியம், பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ராத்திரி படுக்கைக்குப் போகும் முன் அவள் கண்டிப்பாக ஒரு முறை யூரின் போய்விட்டுப் படுக்க வேண்டும். போகாமல் படுத்தால், எட்டு மணி, ஒன்பது மணி வரை நின்று நடந்தபோது சேர்ந்த யூரின் சிறுநீர்ப்பையிலேயே தங்கி, காலை சாம்பிளில் கலந்துவிடும். அப்புறம் காலையில் எடுத்தும் பிரயோஜனம் இல்லை. எழுந்ததும் நேரே பாத்ரூம். பல் தேய்ப்பது, தலை பின்னுவது எல்லாம் அதற்குப் பிறகு. முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவளுக்கு மாதவிடாய் ஆரம்பித்திருந்தால் அந்த நாட்களில் எடுக்காதீர்கள், வெள்ளைப்படுதல் இருந்தாலும் லேபில் சொல்லிவிடுங்கள்.

சுத்தம் செய்ய வெறும் தண்ணீர் போதும். சிலர் நல்லதுக்கு என்று சாவ்லான் ஊற்றிக் கழுவிவிட்டு வருகிறார்கள். அதில் இருக்கும் குளோர்ஹெக்ஸிடின், யூரினில் முக்கி நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் பட்டால் புரோட்டீன் இல்லாத யூரினே பச்சை, அதாவது பிளஸ், காட்டும். வீட்டு மருந்து பாட்டில், ஜாம் பாட்டில் எல்லாம் வேண்டாம், லேபில் கொடுக்கும் டப்பாவிலேயே எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுபோங்கள்.

இப்போது அந்த பிளஸ் கணக்கு. ஸ்ட்ரிப்பின் நுனியில் இருக்கும் மஞ்சள் கட்டத்தில் ஒரு சாயமும், அமிலத் தன்மையை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் உப்பும் இருக்கின்றன. ஆல்புமின் அந்தச் சாயத்தோடு சேர்ந்தால் மஞ்சள் பச்சையாகும், அதிகம் இருந்தால் நீலப்பச்சை. ஸ்ட்ரிப் பாட்டிலில் உள்ள நிறங்களோடு ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிளஸ் என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், ரெண்டு பிளஸ் 100, மூன்று பிளஸ் 300. நான்கு பிளஸ் என்பது ஆயிரத்துக்கு மேல். ஒரு பிளஸுக்கும் ரெண்டு பிளஸுக்கும் நடுவில் பச்சையின் சாயல்தான் வித்தியாசம். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருவர் ஒன்று என்பார், ஜன்னல் பக்கம் நிற்பவர் ரெண்டு என்பார். யூரின் காரத் தன்மையாக இருந்தாலும், ஸ்ட்ரிப்பை அதிக நேரம் முக்கி வைத்தாலும் இல்லாத பிளஸ் வரும்.

ஸ்ட்ரிப்புக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது செறிவைத்தான் பார்க்கிறது. ஒரு கை உப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் கரிக்கும், அதையே ஒரு குடத்தில் போட்டால் நாக்குக்குத் தெரியாது. போட்ட உப்பு என்னவோ ஒன்றுதான். தண்ணீர் குடிக்காத பிள்ளையின் யூரினில் கொஞ்சம் புரோட்டீனே ரெண்டு பிளஸாகத் தெரியும். சாம்பிள் கொடுக்க வேண்டும் என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்துக் கூட்டி வருவார்கள், அந்தப் பிள்ளைக்கு உண்மையில் இருப்பதே மறைந்துபோகும். இதைச் சரிக்கட்டத்தான் கிரியேட்டினின். அது தசையில் உண்டாகும் கழிவு, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே வேகத்தில் யூரினில் வெளியேறும். யூரின் நீர்த்தால் ரெண்டும் சேர்ந்து குறையும், கெட்டியானால் ரெண்டும் சேர்ந்து கூடும், வகுத்து வரும் எண் மாறாது. உங்கள் ரிப்போர்ட்டில் 84-ஐ 140-ஆல் வகுத்தால் 0.6, கணக்கு சரி. ரெண்டு வயதுக்கு மேல் 0.2-க்குக் கீழே இருக்க வேண்டும். 2-க்கு மேல் போனால் அதை நெஃப்ராட்டிக் அளவு என்பார்கள், அது வேறு தீவிரம். உங்களுடையது இடையில் இருக்கிறது. அதுவும் ஓடிக் களைத்த சாயங்காலத்தில்.

24 மணி நேர யூரினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முன்பெல்லாம் அதுதான் வழி. காலை முதல் யூரினைக் கொட்டிவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதல் யூரின் வரை ஒரு சொட்டு விடாமல் பெரிய கேனில் சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கே கஷ்டம். ஸ்கூல் போகும் பிள்ளை என்ன செய்யும்? ஒரு தடவை விட்டுப்போனால் போதும், கணக்கே தப்பு. மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மாக்கள் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. ஒரு தடவை எடுத்த யூரினில் ரேஷியோ போட்டாலே 24 மணி நேரக் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று 1983-இலேயே ஆய்வு வந்துவிட்டது. இப்போது குழந்தைகளுக்கு காலை முதல் யூரின் ரேஷியோ போதும் என்பதுதான் பெரும்பாலும் நடைமுறை. டாக்டர் குறிப்பாகக் கேட்டால் மட்டும் எடுங்கள்.

முட்டையை நிறுத்தாதீர்கள். சாப்பிடும் முட்டை அப்படியே யூரினில் வருவதில்லை. 11 வயதுப் பெண்ணுக்கு வளர்ச்சிக்குப் புரோட்டீன் வேண்டும். வாழைத்தண்டு பொரியல் செய்தால் எல்லோரும் சாப்பிடுங்கள், ஆனால் சாறு, கஷாயம், நாட்டு மருந்து என்று எதையும் டாக்டர் பார்க்கும் வரை மருந்தாக ஆரம்பிக்காதீர்கள். மாமியாரிடம் சண்டை வேண்டாம், டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார். நுரையைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். வேகமாகப் போனாலே நுரை வரும், டாய்லெட் கழுவிய திரவம் மிச்சம் இருந்தாலும் வரும். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. அவளை நிம்மதியாகப் பாத்ரூம் போக விடுங்கள்.

திங்கள் வரை காத்திருக்கக் கூடாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் கண் இமை வீங்கி இருந்தால், யூரின் டீ டிகாக்‌ஷன் நிறத்திலோ கோலா நிறத்திலோ போனால், யூரினே குறைந்துபோனால், கடும் தலைவலியோ வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவை எதுவும் இல்லாதவரை பயப்படாமல் இருங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1974-இலிருந்து ஒவ்வொரு வருடமும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் யூரின் பார்க்கிறார்கள். வீட்டில் காலையில் எடுத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தைவானிலும் கொரியாவிலும் அப்படி உண்டு. அமெரிக்காவில் நேர்மாறு. ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு வழக்கமாக யூரின் பார்க்க வேண்டியதில்லை என்று அங்கே குழந்தை மருத்துவ அகாடமி 2007-இல் அந்தப் பரிந்துரையையே எடுத்துவிட்டது. முதல் டெஸ்டில் பிளஸ் வரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அடுத்த டெஸ்டில் ஒன்றும் இருக்காது, வீணாக வீடே கலங்கிப்போகிறது என்பது ஒரு காரணம். எனக்கு ஜப்பான்காரர்கள் செய்வது பிடிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. பிளஸ் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று அந்த வீட்டுக்குச் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்வா என்று அனுப்புவது கொடுமை. உங்கள் பதிவைப் படித்ததும் உட்கார்ந்து இவ்வளவு எழுதியது அதனால்தான்.


முகில்_அம்மா:

செல்வி அக்கா சொன்னதில் அந்தக் கண் இமை விஷயத்தை நான் அடிக்கோடு போடுகிறேன். நித்யா, உங்கள் மகளுக்கு வீக்கம் இல்லை என்கிறீர்கள், அதனால் இது உங்களுக்காக அல்ல. பின்னால் இந்தப் பக்கத்தைத் தேடி வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

என் பையனுக்கு மூன்று வயதில் காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாதபடி இமை உப்பியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். தூசி அலர்ஜி என்று ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்தும் அலர்ஜி சிரப்பும் கொடுத்தார்கள். அப்புறம் டவுசர் எலாஸ்டிக் இடுப்பில் பள்ளமாகப் பதிய ஆரம்பித்தது, வயிறு உப்பியது, விதைப்பை வீங்கியது. யாரும் யூரின் பார்க்கவே இல்லை. வேறொரு டாக்டர் அவனைப் பார்த்த உடனே ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து அங்கேயே முக்கினார். கரும்பச்சை. நான்கு பிளஸ். ரத்தத்தில் ஆல்புமின் 1.6தான் இருந்தது, கொலஸ்டிரால் நானூறைத் தாண்டியிருந்தது. நெஃப்ராட்டிக் சின்ட்ரோம், அதாவது கிட்னி வழியாகப் புரோட்டீன் நிறையக் கசியும் வியாதி. ஒரு நிமிட டெஸ்ட். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. குழந்தையின் முகம் வீங்கினால் அலர்ஜி மருந்துக்கு முன்னால் யூரின் பாருங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வியாதி பெரும்பாலும் ரெண்டிலிருந்து ஆறு வயதுக்குள் ஆரம்பிக்கிறது, பையன்களுக்கு அதிகம். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே புரோட்டீன் நின்றுவிடும். இவனுக்கும் நின்றது. ஆறு வாரம் தினமும் பிரெட்னிசோலோன், அப்புறம் அளவைக் குறைத்து ஆறு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கன்னம் உப்பி, எந்நேரமும் பசி பசி என்பான். இடையில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் இது திரும்பத் திரும்ப வரும் வியாதி. சளி பிடித்தால் போதும், மறுபடி தலைகாட்டும். அதனால் வீட்டிலேயே யூரின் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்ட்ரிப் தினமும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, எனவே சல்ஃபோசாலிசிலிக் ஆசிட். 3 சதவீதக் கரைசல், கண்ணாடி டெஸ்ட் டியூபில் காலை முதல் யூரின் எவ்வளவோ அவ்வளவு ஆசிட். பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், கையில் பட்டால் கழுவ வேண்டும். புரோட்டீன் இல்லையென்றால் கலந்த பிறகும் தெளிவாகவே இருக்கும். இருந்தால் கலங்கி வெளுக்கும்.

எவ்வளவு கலங்கல் என்று பார்க்க எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர். டியூபைக் காலண்டர் தாள் முன்னால் பிடிப்பேன். லேசான கலங்கல்தான், ராகு காலம், எமகண்டம் எழுதியிருக்கும் பொடி எழுத்தைப் படிக்க முடிகிறது என்றால் ஒரு பிளஸ். எழுத்து படிக்க முடியவில்லை, தேதி அச்சடித்த தடித்த கறுப்புக் கோடு மட்டும் தெரிகிறது, ரெண்டு. கோடும் மறைந்து வெள்ளையாகிவிட்டால் மூன்று. திரிந்து கட்டி கட்டியாக அடியில் இறங்கினால் நான்கு. பார்த்ததும் அதே தாளைக் கிழித்துப் பின்னால் எழுதுவேன், சாயங்காலம் நோட்டில் ஏற்றுவேன். தேதி, யூரின், காலை எடை, அன்றைக்குக் கொடுத்த மாத்திரை, சளி காய்ச்சல் ஏதாவது இருந்ததா. டாக்டர் என்னைக் கேட்பதற்கு முன் நோட்டைத்தான் வாங்குவார்.

ஒரு நாள் ரெண்டு பிளஸ் வந்தால் ஓட வேண்டியதில்லை. சளியோடு வந்து சளியோடு போகும். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸோ அதற்கு மேலோ இருந்தால்தான் ரிலாப்ஸ், அதாவது வியாதி திரும்பிவிட்டது, உடனே போன் செய்ய வேண்டும். அதே போலத் தொடர்ந்து மூன்று நாள் நில் அல்லது ட்ரேஸ் (மிக லேசான சுவடு) வந்தால் அடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கு தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது. முதல் தடவை உடம்பெல்லாம் வீங்கிய பிறகு கண்டுபிடித்தோம். அடுத்தடுத்த ரிலாப்ஸ் எல்லாம் வீக்கம் வரும் முன்பே டியூபில் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமலே சமாளித்தோம்.

ரெண்டு எச்சரிக்கை. ரிலாப்ஸ் நேரத்தில் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், வயிற்றுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம், உடனே போங்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குப் பக்கத்தில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி போடும் முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள், சில ஊசிகளைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.


கோவை_அப்பா:

நித்யா மேடம், எல்லோரும் தைரியம் சொல்கிறார்கள், நல்லது. நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை சாம்பிள் சரியாக வந்தால் நிம்மதி. சரியாக வராவிட்டால், கொஞ்சம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

என் மகனுக்குப் பிறந்த சில நாளிலேயே யூரின் போகும் வழியில் அடைப்பு என்று ஆபரேஷன் செய்தார்கள். ஒரு கிட்னி சின்னதாகவே நின்றுவிட்டது. பிள்ளை நன்றாக வளர்ந்தான், கிரிக்கெட் ஆடுகிறான், வீக்கம் எதுவும் கிடையாது. ஏழு வயதில் பார்த்தபோது காலை முதல் யூரினிலேயே ரேஷியோ 0.5. அடுத்தடுத்துப் பார்த்தும் அதேதான். ரத்தத்தில் கிரியேட்டினின் அப்போது நார்மல். ‘கிரியேட்டினின் ஏறும் வரை காத்திருந்தால் லேட், புரோட்டீன்தான் முதலில் சொல்லும்’ என்று எங்கள் டாக்டர் விளக்கினார். இருக்கும் கிட்னிக்குச் சுமை கூடும்போது அதன் வடிகட்டிகளில் அழுத்தம் ஏறிப் புரோட்டீன் கசிகிறதாம், கசிவே அடுத்த சேதத்துக்கும் வழி செய்கிறதாம். எனலாபிரில் கொடுத்தார். அது பிபி மாத்திரைதான், ஆனால் கிட்னி வடிகட்டியின் அழுத்தத்தையும் குறைக்கும். இப்போது ரேஷியோ பாதியாகக் குறைந்திருக்கிறது. வாந்தி பேதி ஆன நாளில் மட்டும் அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்போம்.

டாக்டரிடம் போகும்போது பிபி பார்க்கச் சொல்லுங்க மேடம். குழந்தைக்கு எதற்கு பிபி என்று பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். கையின் அளவுக்குத் தகுந்த சின்ன பட்டை கட்டிப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் சின்ன வயதிலேயே கிட்னி போனவர்கள், காது கேளாமை உள்ளவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்க. உங்கள் கணவரின் அண்ணனுக்குச் சர்க்கரையால் வந்தது என்கிறீர்கள், அது வேறு. இருந்தாலும் டாக்டர் காதில் போட்டு வையுங்கள்.


நித்யா_திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா சொன்னது போலவே செய்தேன். படுக்கும் முன் யூரின் போக வைத்து, காலையில் எழுந்ததும் எடுத்தேன். பழைய லேப் ஞாயிறு லீவு என்பதால் வேறு லேபில் கொடுத்தேன். இப்போதுதான் ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்தது. யூரின் ஆல்புமின் ‘நில்’ என்று இருக்கிறது. ஆனால் ரேஷியோ 130 என்று போட்டிருக்கிறார்கள்! போன தடவை 0.6. இது எப்படி 130 ஆனது? அழுகையே வந்துவிட்டது. அவர் இன்றைக்கே சென்னைக்குக் கிளம்பலாம் என்கிறார்.


செல்வி_லேப்:

நித்யா, கிளம்ப வேண்டாம், உட்காருங்கள். ரிப்போர்ட்டில் 130-க்குப் பக்கத்தில் அலகு என்ன போட்டிருக்கிறது, பாருங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். பழைய லேப் மில்லிகிராமை மில்லிகிராமால் வகுத்தது. புதிய லேபின் எண்ணை ஆயிரத்தால் வகுத்தால் பழைய கணக்கு வரும். 130-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.13. அதாவது 0.2-க்குக் கீழே, நார்மல். அந்த லேபின் நார்மல் அளவும் ‘200-க்குக் கீழ்’ என்றுதான் அச்சாகியிருக்கும்.

கிரியேட்டினினை மில்லிமோலில் போடும் லேபும் உண்டு, அங்கே நார்மல் சுமார் 20-க்குக் கீழே இருக்கும். மூன்று விதமான எண், ஒரே விஷயம். இதனால் எத்தனை அப்பா அம்மா ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறார்கள்! லேப்காரர்கள் நாங்களே பெரிய எழுத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். இனிமேல் ஒரே லேபில் பாருங்கள். ‘மைக்ரோ ஆல்புமின்’ ரேஷியோவையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் ஆல்புமினை மட்டும் அளப்பார்கள், ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு அதைத்தான் பார்ப்பார்கள்.

நாளைக்கு டாக்டரிடம் ரெண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எது எந்த நேரத்தில் எடுத்தது என்று பேனாவால் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.


நித்யா_திருச்சி:

ஆமாம் அக்கா, கீழே 200 என்றுதான் இருக்கிறது. என் கணவர் மூன்று தடவை வகுத்துப் பார்த்துவிட்டார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். பிபி நார்மல். யூரினில் ரத்தம் இல்லை. ரத்தக் கிரியேட்டினின் 0.5, வயதுக்குச் சரி என்றார். ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்தார், ரெண்டு கிட்னியும் நன்றாக இருக்கின்றன. நிற்கும்போது இறங்கும் வகையாகத்தான் தெரிகிறது, இன்னும் ரெண்டு காலை சாம்பிள் பார்த்துவிட்டு உறுதி செய்கிறேன், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலை யூரின் பார்த்தால் போதும் என்றார். கோகோ ஆடட்டும் என்றார். அவளுக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.


ஆரணி_ரமேஷ்:

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். என் குழந்தைக்கு 14 மாதம். நெருப்புக் காய்ச்சலுக்குப் பிறகு யூரின் ரேஷியோ 0.4 என்று வந்திருக்கிறது, காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் ஆகிறது. ரிப்போர்ட்டில் 0.2 என்ற அளவைத்தான் போட்டிருக்கிறார்கள். யூரின் பிடிக்கும் பை ஒட்டித்தான் எடுத்தோம். காலை முதல் யூரின் என்று இந்த வயதில் எப்படிப் பிடிப்பது?


செல்வி_லேப்:

தம்பி, 0.2 என்பது ரெண்டு வயதுக்கு மேல். ஆறு மாதத்திலிருந்து ரெண்டு வயது வரை 0.5 வரை நார்மல் என்றே எடுத்துக்கொள்வார்கள். லேப் கம்ப்யூட்டரில் பெரிய பிள்ளைகளின் அளவுதான் எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சாகும். குழந்தை மிகவும் மெலிந்திருந்தால் தசை குறைவு, கிரியேட்டினின் குறையும், அதனாலும் ரேஷியோ தூக்கிக் காட்டும். எடையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலை முதல் யூரினை நினைத்துக் கவலைப்படாதீர்கள். இந்த வயதில் எந்த நேரத்து யூரினாக இருந்தாலும் ரேஷியோவுக்கு ஆகும். பை சாம்பிள் கிருமி பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு நம்பகம் இல்லை, புரோட்டீன் பார்க்கப் போதும். மலம் கலந்திருந்தால் மட்டும் கொட்டிவிட்டு வேறு பை ஒட்டுங்கள். பவுடர் போட்ட இடத்தில் பை ஒட்டாது. தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, தோல் உலர்ந்த பிறகு கீழிருந்து மேலாக அழுத்தி ஒட்டுங்கள்.